பேப்பர் சுற்றிய பாட்டில்

உசிலம்பட்டியில் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து அமெரிக்க விஸ்கிக்கு மார்க் போட்டவன் நான். சிரிக்காதீர்கள். நான் போட்ட மார்க்கைக் கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்கிற கட்டுரை இல்லை. குடியால் குலைந்த ஒரு வீடாவது இல்லாத தெரு தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விஸ்கி என்ற வார்த்தையே பிடிக்காதவர்கள், அந்த இடத்தில் காபித்தூள் என்று போட்டுப் படியுங்கள். நான் சொல்ல வந்த விஷயம் மாறாது.

கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழன் உசிலம்பட்டிக்காரன். இப்போது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் வேலை. அக்கா பேரனின் காதுகுத்துக்கு லீவில் வந்திருந்தான். செய்முறை, மொய், கிடா விருந்து எல்லாம் முடிந்து, பந்தல்காரர் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்த சாயங்கால நேரம். “மாப்ள, மாடிக்கு வா. உனக்கு ஒரு பரீட்சை வச்சிருக்கேன்” என்றான்.

மாடியில் மூன்று பாட்டில்கள். மூன்றுக்கும் கழுத்து வரை நியூஸ் பேப்பர் சுற்றி, ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எழுதியிருந்தான். பக்கத்தில் கண்ணாடி டம்ளர்கள், ஒரு சொம்புத் தண்ணீர், துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

“மூணுல ஒண்ணு போர்பன். ஒண்ணு ரை. ஒண்ணு நம்ம டாஸ்மாக்ல வாங்குனது. எது எதுன்னு சொல்லிட்டு, பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடு.”

போர்பன், ரை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? இரண்டும் அமெரிக்க விஸ்கி. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருந்தால் போர்பன். ஆமாம், நம் பக்கம் கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகிறதே, அதே மக்காச்சோளம்தான். மக்காச்சோளத்தின் இடத்தில் ரை என்ற தானியம் 51 சதவிகிதம் இருந்தால் அது ரை விஸ்கி. இரண்டையுமே புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில், அதுவும் உள்பக்கத்தைத் தீயில் கருக்கிய பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மரம் கருகும்போது அதிலிருந்தே வெனிலா வாசமும், காய்ச்சிய சர்க்கரை வாசமும் பிறக்கின்றன. நிறமும் அந்தப் பீப்பாய் தருவதுதான். போர்பனில் இனிப்பு தூக்கலாக இருக்கும். ரையில் மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரம்.

டாஸ்மாக் பாட்டில் கதை வேறு. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸ் பாகிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்கவே முடியாது. விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

நண்பன் ருசி பார்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தான். முதலில் வெளிச்சத்தில் நிறம் பார். பிறகு வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார், இல்லையென்றால் ஸ்பிரிட் மூக்கில் ஏறி மற்ற வாசத்தை மறைத்துவிடும். கொஞ்சமாக வாயில் எடுத்து, மெல்லுவது போல நாக்கு முழுக்கப் புரட்டு. அப்புறம் துப்பு. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பார். இரண்டாவது வாய்க்கு முன்னால் மார்க் போடாதே.

நான் சும்மா இருப்பேனா? நாலு ஊர் சுற்றியவன், நாலு புத்தகம் படித்தவன். ஒன்றாம் நம்பரை மோந்து, “ஏதோ கருகல் அடிக்குது. சுமார். அஞ்சு மார்க். இது ரையா இருக்கும்” என்றேன். இரண்டாம் நம்பர் வழுவழுவென்று இனிப்பாக இறங்கியது. “ஆகா! இதான் போர்பன். வெனிலா பாரு, ஓக் வாசம் பாரு. ஒன்பது!” மூன்றாம் நம்பர் நாக்கைச் சுரண்டியது. முகத்தைச் சுளித்து, “இது நம்ம லோக்கல் சரக்கு. ரெண்டுக்கு மேல போட முடியாது” என்றேன்.

அப்போது நண்பனின் பெரியப்பா மாடியேறி வந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர். வாலிபத்திலிருந்து வெல்ல மண்டியில் வேலை பார்த்தவர்.

“என்னப்பா இது, பாட்டிலுக்கெல்லாம் சட்டை போட்டு உக்கார வச்சிருக்கீக?”

“பெரியப்பா, நீங்களும் ஒரு கை பாருங்க.”

“எனக்கு வேணாம்ப்பா. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு. மோந்து வேணா பாக்குறேன்.”

ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் மோந்தார். முதல் டம்ளர்: “கருப்பட்டிப் பாகு அடிபிடிச்ச வாசம். மரம் கருகுன வாசமும் இருக்கு. நல்ல சாமான்.” மூன்றாவது: “இதுலயும் அதே மரம் இருக்கு. கூட மிளகு, கிராம்பு. கசாயம் மாதிரி. இதுவும் நல்ல சாமான்தான், கொஞ்சம் கோவக்காரப் பய.” இரண்டாவதை மோந்துவிட்டு உடனே கீழே வைத்தார். “இதுல ஒண்ணுமில்ல தம்பி. எசென்ஸு. கலர் சோடா வாசம்.”

நண்பன் பேப்பரைக் கிழித்தான். ஒன்று, போர்பன். மூன்று, ரை. நான் ஒன்பது மார்க் போட்டுக் கொண்டாடிய இரண்டாம் நம்பர்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய டாஸ்மாக் சரக்கு.

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியப்பா சிரிக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வது போல, மண்டிக் கதை ஒன்றைச் சொன்னார். வெல்லம் வெளுப்பாக, மஞ்சளாக இருந்தால்தான் விலை. அதனால் காய்ச்சும்போதே ஹைட்ராஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுக்கவைப்பார்கள். கறுத்த வெல்லத்தில் ருசி இருக்கும், வாங்க ஆள் இருக்காது. “யாரு கொண்டுவந்த வெல்லம்னு நான் முதல்ல கேட்க மாட்டேன் தம்பி. உடைப்பேன், ஒரு துண்டு வாயில போடுவேன். அப்புறந்தான் ஊரு, பேரு. பேரைக் கேட்டுட்டு வாயில போட்டா, நாக்கு பேரைத்தான் ருசி பார்க்கும்.”

இந்தக் கடைசி வரியை அறிவியல் ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பற்றிப் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பாகத் தெரிந்ததை, சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. 2008-ல் அமெரிக்காவில் இன்னொன்று. ஒரே ஒயினை, ஒரு தடவை 10 டாலர் என்றும், இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது ‘நன்றாக இருக்கிறது’ என்று வாயால் மட்டும் சொல்லவில்லை. மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியே கூடுதலாக வேலை செய்தது.

கவனியுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அது அதிகமாக ருசித்தது. லேபிள் நம் தீர்ப்பை மட்டும் மாற்றுவதில்லை, நம் அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. ‘நான் என் கண்ணால் பார்த்தேன், நாக்கால் ருசித்தேன்’ என்று சத்தியம் செய்கிறவனும் ஏமாந்தவனாக இருக்கலாம் என்பதுதான் இதில் பயமுறுத்தும் சங்கதி.

லேபிளை மூடினால் நடக்கிற நல்லதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பெங்களூரில் தயாராகும் அம்ருத் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-ல் கிளாஸ்கோ நகரத்தில் அறிமுகம் செய்தார்கள். ஸ்காட்லாந்திலேயே போய் இந்திய விஸ்கி விற்பதா? திருநெல்வேலியில் போய் அல்வா விற்கிற கதை அல்லவா! பெயரைச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தபோது, ஸ்காட்ச் என்றே நினைத்துப் பாராட்டினார்கள். 2010-ம் வருட ‘விஸ்கி பைபிள்’ புத்தகத்தில் ஜிம் முர்ரே, அம்ருத் ஃப்யூஷனை உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார்.

சரி, அப்படியானால் லேபிளே வேண்டாமா? எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் விஸ்கி என்ற பெயரில், வெறும் ஸ்பிரிட்டில் புகையிலைச் சாறு, அயோடின் எல்லாம் கலந்து விற்றார்கள். அதைத் தடுக்க 1897-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியது, அரசாங்கக் கண்காணிப்பில் குறைந்தது நாலு வருஷம் பீப்பாயில் இருந்தது, 50 சதவிகித ஆல்கஹால் கொண்டது... இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த லேபிள் உயிர்களைக் காத்த லேபிள். லேபிள் இல்லாத சரக்கு என்ன செய்யும் என்பதை நாம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். பாக்கெட்டில் வந்த சாராயம். உள்ளே மெத்தனால். 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

ஆக, லேபிளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நடந்ததைச் சொல்வது. எந்தத் தானியம், எத்தனை வருஷம், எந்த ஆலை. இதைச் சரிபார்க்கலாம். பொய்யாக இருந்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். இழுத்தும் இருக்கிறார்கள். அயோவா மாநிலத்தின் பழைய கள்ளச்சாராயக் காலத்து ரெசிபி என்று பெருமையாக விற்ற டெம்பிள்டன் ரை விஸ்கி, உண்மையில் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆலையில் காய்ச்சியது என்று வழக்கு வந்தது. 2015-ல் சமரசத்துக்கு வந்து, ‘இண்டியானாவில் காய்ச்சியது’ என்று லேபிளில் போட ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது வகை லேபிள், நடந்ததைச் சொல்லாது. நீ என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லும். ருசி பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிக் கையில் கொடுத்துவிடும். இதைச் சரிபார்க்க வழியே கிடையாது. ஏனென்றால் சரிபார்க்க வேண்டிய நாக்கையே அது முதலில் விலைக்கு வாங்கிவிடுகிறது.

இதை நான் பெரியப்பாவிடம் பெரிய தத்துவம் போல விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மாடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “பாட்டிலுக்கு ஒட்டுனா கிழிச்சிரலாம் தம்பி. எங்கய்யாவுக்கும் ஒண்ணு ஒட்டுனாய்ங்க.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

குற்றப்பரம்பரைச் சட்டம். இந்த ஊர்ப் பக்கம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். 1871-ல் வட இந்தியாவில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். அடுத்த சில வருஷங்களில் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் மீது அது இறங்கியது. என்ன செய்தாய் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எங்கே பிறந்தாய் என்று மட்டும் கேட்டது. வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையைப் பதிய வேண்டும். ராத்திரியில் வீட்டில் படுக்கக் கூடாது, சாவடியில் போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். நேற்றுத் தாலி கட்டியவனுக்கும் இதே விதிதான்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் என்று ஒரு கிராமம். ரேகை வைக்க மாட்டோம் என்று அந்த ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 3 அன்று இன்றும் மாலை போடுகிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான். பிறகு வந்த பெயர், சீர்மரபினர்.

பெரியப்பாவின் அப்பா சாவடியில் படுத்தவர். “திருடுனவன் ஊருக்கு நாலு பேரு இருந்திருக்கலாம். எந்த ஊர்ல இல்ல? எங்கய்யா சம்சாரி. பருத்திக் காட்டுல பாடுபட்ட மனுசன். அவரு கைய யாரும் மோந்து பாக்கலையே தம்பி. மண்ணு வாசம் அடிச்சிருக்கும்ல!”

கோபமாகச் சொல்லவில்லை. வெல்லத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஏன் தெரியுமா? இந்த இடத்தில், நண்பனுக்கும் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இன்டர்வியூ குழுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். “எந்த ஊருப்பா?” என்றார் குழுவில் மூத்தவர். “உசிலம்பட்டி சார்.” “அடேங்கப்பா! அருவா எதுவும் கொண்டுவரலையே?” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பையனும் சிரித்தான். வேலை வேண்டும் என்றால் அவனும் சிரித்துத்தானே ஆக வேண்டும்? அதன் பிறகு கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். ஆனால், ‘மற்றவர்களோடு இணைந்து பணியாற்றும் தன்மை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் பத்துக்கு நாலு போட்டேன். பக்கத்தில் ‘சற்று முரட்டுத்தனம்’ என்று எழுதினேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. மேஜையைத் தட்டவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது அந்த முரட்டுத்தனம்? மதுரைப் பக்கம் என்றாலே மீசையும் அரிவாளும் காட்டிய நம் சினிமாக்களிலிருந்து வந்திருக்கலாம். அந்த மூத்தவரின் ஜோக்கிலிருந்து வந்திருக்கலாம். ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, மூன்று வாரம் பக்கத்திலேயே படுத்திருந்தவன் ஓர் உசிலம்பட்டிக்காரன். அந்த அனுபவம் என் நாக்கில் இருந்தும், மார்க் போட்டது லேபிளைப் பார்த்த கண்தான். பையனுக்கு வேலை கிடைக்கவில்லை.

பொய் சொல்லி மார்க்கைக் குறைத்தேன் என்றால்கூட மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துவிடலாம். அந்த நிமிஷத்தில் எனக்கு அவன் நிஜமாகவே முரடனாகத் தெரிந்தான். 90 டாலர் ஒயின் ருசித்ததைப் போல.

நம்மிடம் நல்ல எண்ணம் இருந்தால் போதும், நியாயமாக நடந்துகொள்வோம் என்று நாம் நினைக்கிறோம். போதாது. என் நாக்கின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததால்தான் டாஸ்மாக் சரக்குக்கு ஒன்பது போட்டேன். என் மனசாட்சியின் மேல் நம்பிக்கை இருந்ததால்தான் அந்தப் பையனுக்கு நாலு போட்டேன். நேர்மைக்கு நல்ல மனசு மட்டுமில்லை, ஒரு துண்டு பேப்பரும் தேவைப்படுகிறது. மூடுவதற்கு.

பள்ளிக்கூடப் பொதுத்தேர்வில் இதை நாம் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டோம். விடைத்தாளில் பெயரை மறைத்துத்தான் திருத்தக் கொடுக்கிறோம். திருத்துகிற ஆசிரியர் கெட்டவர் என்பதாலா? இல்லை, அவர் மனிதர் என்பதால். ஆனால் பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் அந்த ஞானத்தை அங்கேயே விட்டுவிடுகிறோம். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி என்ன கேட்கிறோம்? மகனோ மகளோ ஒரு பெயரைச் சொல்லி, ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று நிற்கும்போது முதல் கேள்வி என்ன கேட்கிறோம்? ஊரு, பேரு, யாரு. பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே மார்க் போட்டுவிடுகிறோம்.

ஒரு மனிதனை முழுசாகப் பேப்பரில் சுற்ற முடியாதுதான். அவன் ஊரும் பேரும் அவனுக்குப் பெருமை. பெரியப்பா உசிலம்பட்டியை மறைக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். முதலில் உடைத்து வாயில் போடு, அப்புறம் ஊரும் பேரும் கேள். இரண்டாவது வாய்க்கு முன்னால் மார்க் போடாதே. விஸ்கிக்குக் காட்டுகிற இந்தச் சின்ன மரியாதையை, சக மனிதனுக்குக் காட்ட நமக்கு என்ன கஷ்டம்?

அன்றைக்கு ராத்திரி மதுரை பஸ் ஏறும் வரை நண்பனிடம் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடத் துடித்தேன். சொல்லவில்லை. பஸ் ஜன்னலில் கை வைத்து நின்றவன், “விடு மாப்ள, ரெண்டு மார்க் போட்டதுக்கு ரை கோவிச்சுக்காது” என்று சிரித்தான். அதை நினைத்துத்தான் நான் வாட்டமாக இருக்கிறேன் என்று எண்ணிவிட்டான்.

கென்டக்கியில் இருந்தாலும் இந்தப் பக்கத்தை வாராவாரம் தவறாமல் படிக்கிறவன் அவன். இந்த வாரமும் படிப்பான். மாப்ள, இப்போது நீ எனக்கு மார்க் போடு.